புடவையை ஏன் வாசலுக்குத் தூக்கிப் போகிறார்கள்?

கடை, கிளினிக், ஆபீஸ் உள்வேலைகள் பற்றி வாசகர்கள் கேட்ட கேள்விகள். பதில் சொல்பவர், கும்பகோணத்தில் இருபது வருடமாக இந்தத் தொழிலில் இருக்கும் வடிவமைப்பாளர்.

*பட்டுக்கடை, பல் கிளினிக், அரிசி மில் என்று எல்லாவற்றையும் ஒரே ஸ்டூடியோ செய்கிறதே, ஒன்றுக்கொன்று என்ன சம்பந்தம்? இப்போது கையில் என்னென்ன வேலை இருக்கிறது? (வாசகி, தஞ்சாவூர்)*

சம்பந்தம் ஒன்றும் கிடையாதம்மா. அதனால்தான் இன்னும் அலுக்கவில்லை.

பாபநாசம் பக்கம் ஒரு மில் ஆபீஸ் நடக்கிறது. அங்கே தவிட்டுத் தூசியோடுதான் சண்டை. ஏசி ஃபில்டர் அடைத்துக்கொண்டே இருந்ததால், அடுத்தடுத்து இரண்டு கதவு வைத்து நடுவில் நாலடி இடம் விட்டிருக்கிறேன். முதலாளிக்குப் பளபளவென்று டைல்ஸ் வேண்டுமாம். நெல்லோடு வரும் விவசாயி சேற்றுக்காலைப் பார்த்துக் கூசி வாசலிலேயே நின்றுவிடுவார் என்று சொல்லி, கடப்பைக் கல்லுக்குச் சம்மதிக்க வைத்தேன். கும்பகோணத்தில் ஒரு காபிக்கடையும் முடியப் போகிறது. இங்கே பாதிப் பேர் நின்றுகொண்டேதான் குடிப்பார்கள். அதனால் சுவரோரம் மூன்றரை அடி உயரத்தில் கல் பலகை. டபராவில் ஆற்றும்போது பக்கத்து ஆள் முழங்கை இடிக்காத அளவுக்கு இடம்.

மனசு முழுக்க இருப்பது திருபுவனம் பட்டுக்கடையில்தான். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பட்டு அது. கடைக்காரர் என்னிடம் கேட்டது நகைக்கடை மாதிரி மஞ்சள் வெளிச்சம். படம் போடும் முன் இரண்டு நாள் கடையில் சும்மா உட்கார்ந்திருப்பது என் வழக்கம். முகூர்த்த சீசன். கல்யாணப் பெண்ணோடு வந்த ஒரு பாட்டி, அரக்குப் புடவை ஒன்றைக் கையில் எடுத்தவர் விறுவிறுவென்று வாசலுக்கு நடந்தார். "இத வெளிச்சத்துல செத்த பாக்கறேன்டி." பின்னாலேயே சேல்ஸ்மேன், அவர் பின்னால் பெண்ணின் அம்மா. தெருவில் பிரித்துப் பார்த்துவிட்டு, "உள்ள பாத்தா காபிப்பொடி மாதிரின்னா இருந்துது" என்றார். அந்தப் பாட்டியை எனக்குச் சம்பளம் வாங்காத ஆலோசகர் என்றே சொல்லலாம்.

விஷயம் என்னவென்றால், விளக்குக்கு சி.ஆர்.ஐ. என்று ஓர் அளவு உண்டு. நிறத்தை உள்ளபடி காட்டும் திறன். வெயிலுக்கு 100. சாதாரண எல்.இ.டி.க்கு 80 வாக்கில் இருக்கும். அந்த 80-இல் முதலில் அடிபடுவது அடர் சிவப்பு. அரக்கும் குங்குமச் சிவப்பும் பழுப்படித்துத் தெரிவது அதனால்தான். இழைக்கு ஒரு நிறம் ஓடும் மயில்கழுத்துப் பட்டும் மஞ்சள் வெளிச்சத்தில் செத்துவிடும். மஞ்சள், வெள்ளை என்பது கெல்வின் கணக்கு, வேறு விஷயம். 3000 என்றால் மஞ்சள், 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை. புடவை விரிக்கும் இடத்துக்கு மட்டும் 4000 கெல்வினில், சி.ஆர்.ஐ. 90-க்கு மேல் வாங்கிப் போட்டிருக்கிறோம். மஞ்சள் வெளிச்சத்தை சாமி படத்துக்கும் நுழைவாசலுக்கும் கொடுத்து முதலாளியைச் சமாதானப்படுத்தியாயிற்று.

மெத்தை விரித்துத் தரையில் உட்காரும் வழக்கத்தையும் எடுக்கவில்லை. ஆனால் மெத்தையை ஒன்றரை அடி திண்ணைமேல் ஏற்றிவிட்டேன். சம்மணம் போடுகிறவர் போடலாம், மூட்டுவலிக்காரர் காலைத் தொங்கப்போடலாம். வாசலில் பகல் வெளிச்சம் விழும் ஆறடி இடத்தையும் காலியாகவே விட்டிருக்கிறேன். என்ன லைட் போட்டாலும் பாட்டிகள் எழுந்து போகத்தான் போகிறார்கள்.

*வாஸ்துப்படி கல்லாப்பெட்டி வடக்கு பார்க்க வேண்டும் என்கிறார் அப்பா. அப்படி வைத்தால் உட்காருகிறவருக்கு வாசல் தெரியவில்லை. (வாசகர், மன்னார்குடி)*

அப்பாவோடு சண்டை வேண்டாம். பெட்டி வடக்கு பார்க்கட்டும், நீங்கள் வாசலைப் பாருங்கள். மேசையை எல் வடிவத்தில் செய்து, பணப்பெட்டியை அதன் குட்டைக் கையில் வைத்தால் முடிந்தது. சுழல் நாற்காலி போதும்.

*மெடிக்கல் ஷாப் வைக்கப் போகிறேன். ரேக், கவுன்டருக்கு பார்ட்டிகிள் போர்டு மலிவாக வருகிறது. போடலாமா? (வாசகர், திருவாரூர்)*

மேலே போடுங்கள், கீழே போடாதீர்கள். இதை என் மூக்கு உடைந்த கதையிலிருந்து சொல்கிறேன். தொழிலுக்கு வந்த புதிதில் உங்கள் ஊர்ப் பக்கமே ஒரு மருந்துக்கடை செய்தேன். கவுன்டர் முழுக்க அந்தப் போர்டு, மேலே அழகான மைக்கா. ஐப்பசி அடைமழையில் தெருத்தண்ணீர் நாலு அங்குலம் உள்ளே வந்தது. மறுநாள் போய்ப் பார்த்தால் கவுன்டரின் அடிப்பாகம் எண்ணெயில் விழுந்த அப்பளமாக உப்பியிருக்கிறது. விரலால் அழுத்தினேன், மரத்தூளாக உதிர்ந்தது. கடைக்காரர் திட்டவே இல்லை, அதுதான் வலித்தது. எங்கப்பா மர ஆசாரி. "தண்ணி வர்ற ஊர்ல மரத்தத் தரையில வெப்பியா?" என்று ஒரே கேள்வி கேட்டார். கவுன்டரை என் செலவில் மாற்றிக் கொடுத்தேன்.

அன்றிலிருந்து டெல்டாவில் எந்தக் கவுன்டரும் ஆறு அங்குலக் கல் பீடத்தின் மேல்தான் நிற்கும். கீழ்ப்பகுதிக்குத் தண்ணீர் தாங்கும் மரைன் பிளைவுட், பலகையில் ஐ.எஸ். 710 முத்திரை இருக்கிறதா என்று கடையிலேயே பாருங்கள். 303 என்றிருந்தால் அது வேறு ரகம். கரையான் மருந்தைத் தரை போடும் முன்னாலேயே அடித்துவிட வேண்டும்.

*மாடியில் டியூஷன் சென்டர். கிராமத்துக் குடிசை மாதிரி மூங்கில் தட்டி, கீற்று வைத்து அலங்காரம் செய்ய ஆசை. செலவு எவ்வளவு ஆகும்? (வாசகி, கும்பகோணம்)*

செய்ய மாட்டேன். செலவு சொல்லவும் மாட்டேன். 2004 ஜூலை 16 நம் ஊரில் என்ன நடந்தது என்று உங்களுக்குத் தெரியாமல் இருக்காது. பள்ளிச் சமையற்கட்டுத் தீ கீற்றுக்கூரைக்குத் தாவி, மாடியில் இருந்த 94 குழந்தைகள் போனார்கள். அதன்பிறகு பள்ளிகளில் கீற்றுக்கூரையே கூடாது என்று அரசு உத்தரவு போட்டது. டியூஷன் சென்டருக்கு மட்டும் நெருப்பு வேறா?

அலங்காரத்தை விடுங்கள், மாடிக்கு எத்தனை படிக்கட்டு? ஒன்றுதான் என்றால் வெளிப்பக்கம் இரும்புப் படி ஒன்று போட முதலில் பணம் ஒதுக்குங்கள். கதவு வெளிப்பக்கம் திறக்கட்டும். ஜன்னல் கம்பியில் ஒரு பகுதி உள்ளிருந்து சாவியில்லாமல் திறக்கிற மாதிரி இருக்கட்டும். படிக்கட்டுக்கு அடியில் செருப்பு ஸ்டாண்டு, பழைய பெஞ்சு, தண்ணீர் கேன் எதுவும் கூடாது. இதையெல்லாம் செய்துவிட்டு வாருங்கள், சுவரில் நல்ல பச்சை நிறம் அடித்து வயல் மாதிரியே செய்து தருகிறேன்.

*கிளினிக் வாசலில் இரண்டு படி. சக்கர நாற்காலிக்குச் சரிவு வைக்க எவ்வளவு நீளம் வேண்டும்? (டாக்டர், மயிலாடுதுறை)*

உயரத்தைப் போல் பன்னிரண்டு மடங்கு. படி ஆறு அங்குலம் வீதம் இரண்டு என்றால் ஓரடி உயரம், சரிவு பன்னிரண்டடி. தெருவில் அவ்வளவு இடம் இருக்காது, பக்கச் சுவரோரமாக நடுவில் ஒரு சமதளம் விட்டுத் திருப்பலாம். கதவு திறந்தால் மூன்றடி வழி கிடைக்க வேண்டும். படியின் உயரம், வாசல் அகலம், வாசலிலிருந்து சாக்கடை வரை உள்ள தூரம் மூன்றையும் டேப் வைத்து அளந்து எழுதுங்கள், படம் போட்டு அனுப்புகிறேன்.