சிகாகோவில் இருந்து நாஷ்வில் நகரின் டபிள்யூஎஸ்எம் வானொலியில் (650 கிலோஹெர்ட்ஸ் ஏஎம்) பழைய கன்ட்ரி பாடல்களைக் கேட்பது எப்படி?

பகலில் முயல வேண்டாம். 50 கிலோவாட் நிலையம்தான், ஆனாலும் 600 கி.மீ.க்கு மேலான இந்தத் தூரத்துக்குத் தரை அலை (நிலத்தை ஒட்டிப் பரவும் ரேடியோ அலை) தாங்காது. பொழுது சாய்ந்ததும் வானில் உயரத்தில் உள்ள மின்னேற்றம் பெற்ற அயனி மண்டலத்தின் கீழடுக்கான, அலையை உறிஞ்சும் டி அடுக்கு கரைந்துவிடும்; அதன்பின் அலை மேலடுக்கில் பட்டுத் திரும்பி வரும். 1925 முதல் ஒலிபரப்பாகும் 'கிராண்ட் ஓல் ஆப்ரி' என்ற இந்த நிலையத்தின் கன்ட்ரி இசை நிகழ்ச்சி சனிக்கிழமை இரவில் வருவது நம் அதிர்ஷ்டம்.

உண்மையான தொல்லை பக்கத்தில் உள்ள 670 கிலோஹெர்ட்ஸில் இருக்கிறது. அதுவும் 50 கிலோவாட், சிகாகோவின் உள்ளூர் நிலையம். அதை அடக்க ரேடியோவைத் திருப்பினாலே பாதி வேலை முடியும். உள்ளே ஏஎம் ஆன்டெனாவாக இருக்கும் ஃபெரைட் தண்டின் முனை எந்தத் திசையைப் பார்க்கிறதோ, அங்கிருந்து வருவது மங்கும். பக்கவாட்டில் இருந்து வருவது நன்றாகக் கேட்கும். 670இன் கோபுரம் நகருக்கு மேற்கே, நாஷ்வில் தெற்கே. ஆகவே தண்டைக் கிழக்கு மேற்காக வைத்து, 670 மிகவும் தேயும் இடம்வரை மெல்லத் திருப்புங்கள். பேண்ட்விட்த் (ரேடியோ ஏற்கும் அலைவரிசையின் அகலம்) மாற்றும் வசதி இருந்தால் 3 கிலோஹெர்ட்ஸ் போதும். ஸ்டீல் கிட்டாரின் கூர்மை கொஞ்சம் போகும், வேறு வழியில்லை.

எல்ஈடி விளக்கு, போன் சார்ஜர் இரண்டும் ரேடியோவில் இரைச்சல் கிளப்பும், பிளக்கில் இருந்தே பிடுங்குங்கள். லூப் ஆன்டெனா (வளையமாகக் கம்பி சுற்றிய தனி ஆன்டெனா) இருந்தால் ஒயர் இணைக்க வேண்டாம், ரேடியோ பக்கத்தில் வைத்து டியூன் செய்தாலே போதும்.

இந்தியாவில் வாங்கிய டிஜிட்டல் ரேடியோவா? 9 கிலோஹெர்ட்ஸ் படியில் 648, 657 என்று தாவி 650ஐ விட்டுவிடும். ரேடியோவின் அமைப்பில் படியை 10 கிலோஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள். ஒலி ஏறி இறங்குவதை மட்டும் எந்த ரேடியோவாலும் முழுதாகத் தடுக்க முடியாது.