வினிகர் வைத்தும் குட்டி ஈ போகவில்லையா?

கேள்வி: மாம்பழம் வாங்க ஆரம்பித்ததிலிருந்து சமையலறை முழுக்கக் குட்டி ஈக்கள். கிண்ணத்தில் வினிகர் வைத்தேன். தினமும் நிறைய விழுந்து சாகின்றன, ஆனால் மறுநாள் அதே அளவு வந்துவிடுகின்றன. பழங்களை ஃபிரிட்ஜுக்குள் வைத்த பிறகும் குறையவில்லை. ஸ்பிரே அடிக்கலாமா?
- வாசகி, மடிப்பாக்கம்

பதில்: ஸ்பிரே வேண்டவே வேண்டாம்மா. சாப்பாடு புழங்குகிற இடம் அது. அப்படியே அடித்தாலும் பறக்கிற ஈதான் சாகும், புழு இருக்கும் இடத்துக்கு மருந்து போகாது. வினிகர் கிண்ணமும் அதே கதைதான்.

முதலில் அது எந்த ஈ என்று பாருங்கள். உடம்பு பழுப்பு, கண் சிவப்பு, பழத்தையும் மாவுப் பாத்திரத்தையும் சுற்றுகிறது என்றால் பழ ஈ. கறுப்பாக, ஒல்லியாக, நீளக் காலோடு பூந்தொட்டிப் பக்கம் திரிந்தால் அது ஈர மண்ணில் வளர்வது. குளியலறைச் சுவரில், மயிர் அடர்ந்த இறகை விரித்து அசையாமல் உட்கார்ந்திருந்தால் சாக்கடைக் குழாயிலிருந்து வந்தது. மூன்றுக்கும் வைத்தியம் வேறு வேறு.

நீங்கள் சொல்வது பழ ஈ போலத்தான் தெரிகிறது. புளிக்கிற வாசனை எங்கே இருக்கிறதோ அங்கே முட்டையிடும். அதனால் பழத்தை எடுத்து வைத்தது மட்டும் போதாது. வெங்காய, உருளைக்கிழங்குக் கூடையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். அடியில் அழுகியது ஒன்று இருந்தாலே போதும், அத்தனை ஈக்கும் அதுதான் பிறந்த வீடு. கிரைண்டரின் அடியில் வழிந்த இட்லி மாவு, குப்பைக்கூடையின் விளிம்பு, சிங்க் சல்லடைக்குக் கீழே படிந்த வழவழப்பு, ஈரத்தோடு சுருட்டிப் போட்ட கரித்துணி என்று ஒன்று விடாமல் பாருங்கள். மாம்பழக் கொட்டையையும் தோலையும் அன்று ராத்திரியே வீட்டுக்கு வெளியே கொண்டுபோய்விடுங்கள்.

25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஈயாக மாற சுமார் 10 நாள் ஆகும். ஆகவே சுத்தம் செய்த மறுநாளும் ஈ வந்தால் மனம் தளராதீர்கள், இரண்டு வாரம் விடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதுவரை வினிகர் இருக்கட்டும். அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டால் ஈ மேலே நிற்க முடியாமல் மூழ்கிவிடும். வினிகர் தீர்ந்துவிட்டதா? டம்ளரில் கனிந்த வாழைப்பழத் துண்டைப் போட்டு, காகிதத்தைச் சுண்டல் பொட்டலம் மாதிரி சுருட்டி, நுனியில் சின்ன ஓட்டை விட்டுச் செருகுங்கள். உள்ளே போகும், வெளியே வரத் தெரியாது.

தொட்டிச் செடி வைத்திருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை: மேல்மண் ஒரு அங்குலம் காய்ந்த பிறகு தண்ணீர் ஊற்றுங்கள், மஞ்சள் ஒட்டும் அட்டை ஒன்றைச் செருகி வையுங்கள். கோகோபீட் (தேங்காய் நார்த் தூள்) நிறையப் போட்ட தொட்டியில் ஈரம் சீக்கிரம் காயாது, அதில் கூடுதல் கவனம் வேண்டும். குளியலறை ஈ என்றால் குழாய் வாயைப் பிரஷ் விட்டு நன்றாகத் தேய்க்க வேண்டும். உள்ளே ஒட்டிய பாசிப் படலத்தில்தான் புழு இருக்கிறது. கொதிக்கக் கொதிக்க வெந்நீர் ஊற்றாதீர்கள், பிவிசி குழாய் இளகிவிடும்.

கேள்வி: ஈ மொய்த்த பழத்தைச் சாப்பிடலாமா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: தோல் கிழியாத பழம் என்றால் நன்றாகக் கழுவிச் சாப்பிடுங்கள். வெட்டி வைத்ததில் மொய்த்திருந்தால் குழந்தைகளுக்குக் கொடுக்காதீர்கள், குப்பையில் உட்கார்ந்த அதே காலோடுதான் அதிலும் உட்கார்ந்திருக்கும்.