பணப்பயிருக்கு மாறினால் பெண்களுக்கும் வீட்டு உணவுக்கும் என்ன ஆகும்?

வருமானம் கூடினால் சாப்பாட்டுக்கு என்ன குறை என்று கேட்டிருக்கிறீர்கள். கூடும் வருமானம் யார் கைக்குப் போகிறது என்பதுதான் விஷயம். களையெடுப்பது, அறுப்பது பெண்; விளைச்சலை விற்கும் ஒப்பந்தமும் வங்கிக் கணக்கும் பெரும்பாலும் ஆண் பெயரில். வரப்போரம் அவள் போட்டிருந்த கீரையும் பயறும் போய் அங்கே பருத்தி வந்துவிட்டால், நேற்றுவரை பறித்துச் சமைத்ததை இன்று காசு கொடுத்து வாங்க வேண்டும். அந்தக் காசையும் கணவரிடம் கேட்டு நிற்க வேண்டும். விலை சரிந்தால் அவள் தட்டில்தான் முதலில் குறையும்.

அதற்காக வணிக வேளாண்மையே கூடாது என்று சொல்லமாட்டேன். நிலம், கடன், விதை, பயிற்சி பெண்களுக்கும் சமமாகக் கிடைத்தால் அவர்கள் வயல்களில் விளைச்சல் 20 முதல் 30 சதவீதம் கூடலாம் என்று ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு 2011இல் கணித்தது. பசித்திருப்போர் எண்ணிக்கையும் 12 முதல் 17 சதவீதம் குறையுமாம். எனவே ஒப்பந்தத்தில் அவள் பெயரும் இருக்கட்டும். ஒரு துண்டு நிலமாவது வீட்டுச் சமையலுக்கென்று ஒதுங்கட்டும்.