மோட்டார் முனகுகிறது, சக்கரம் சுற்றவில்லை
அண்ணாச்சி, குளச்சல் வீட்டில் ரொம்ப நாள் பெட்டியில் கிடந்த ஹெச்.ஓ. அளவு மாடல் ரயில் இன்ஜின் முனகுகிறதே தவிர நகரவில்லை என்று கேட்டிருந்தீர்கள். முதலில் மோட்டாரைத் தனியாகக் கழற்றி, 12 வோல்ட்டைத் தாண்டாமல் ஓட்டிப் பாருங்கள். திணறினால், உப்புக்காற்றில் கம்யூட்டேட்டர் (மோட்டார் தண்டில் மின்சாரம் வாங்கும் செம்பு வளையம்) கறுத்திருக்கும். ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடையுங்கள். தாராளமாகச் சுற்றினால் கோளாறு கியரில்தான். பழைய கிரீஸ் மெழுகாக இறுகியிருக்கும், பல் பிரஷால் தேய்த்து எடுங்கள்.

அப்புறமும் டக் டக் என்று தட்டினால், அச்சில் உள்ள பிளாஸ்டிக் கியரை லென்ஸ் வைத்துப் பாருங்கள். இரண்டு பல்லுக்கு நடுவே முடி போல விரிசல் இருக்கும். பசை நிற்காது, கியரையே மாற்றணும்.

தேங்காய் எண்ணெய் மட்டும் விடவே வேண்டாம், பிசினாகிவிடும். பிளாஸ்டிக்கைக் கெடுக்காத மெல்லிய எண்ணெய் ஒரு சொட்டு போதும்.