கீமோதெரபி எடுக்கும்போது சிரிப்பைத் தொலைக்காமல் இருப்பது எப்படி?

கேள்வியோடு கொஞ்சம் விவரமும் கொடுத்திருக்கிறீர்கள். அக்காவுக்கு அடுத்த வாரம் கீமோ தொடங்குகிறது, வீட்டில் எல்லோரையும் சிரிக்க வைக்கிற ஆள் அவர்தான், அந்தச் சிரிப்பு போய்விடுமோ என்று பயமாக இருக்கிறது என்று.

எங்கள் வீட்டில் அந்த வேலையில் இருந்தவள் நான். அதனால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: அக்காவை ஆஸ்தான விதூஷகராக நியமித்துவிடாதீர்கள். சிரிப்பு எனக்கு எங்கே கைகொடுத்தது, எங்கே காலை வாரியது என்று இரண்டையும் எழுதுகிறேன்.

எனக்கு வந்தது லிம்போமா, நிணநீர்ப் புற்றுநோய். சிகிச்சை முடிந்து மூன்று வருடம் ஆகிறது. 'ஆர்-சாப்' என்று ஐந்து மருந்துகளின் கூட்டணி, 21 நாளுக்கு ஒரு சுற்று, மொத்தம் ஆறு சுற்று. கூட்டணி என்றால் கூட்டணியேதான். ஒவ்வொன்றுக்கும் ஒரு குணம், ஒவ்வொன்றும் தனித்தனியாக வம்பு செய்யும்.

முதலில் ஏறியது ரிட்டுக்ஸிமாப். முதல் தடவை என்பதால் சொட்டுச் சொட்டாக அரை நாள் பிடித்தது. பாதியில் உடம்பு தூக்கிப் போட ஆரம்பித்தது. மூன்று போர்வை போர்த்தியும் கட்டில் கடகடவென்று ஆடியது. நர்ஸ் ஓடிவந்து மருந்தை நிறுத்தி, ஓர் ஊசி போட்டு, நடுக்கம் அடங்கிய பிறகு வேகத்தைக் குறைத்து மறுபடி தொடங்கினார். "முதல் தடவை நிறையப் பேருக்கு இப்படி வரும்மா. இந்த மருந்துல கொஞ்சம் எலிப் புரதம் இருக்கு, உடம்பு சண்டை போடுது" என்றார். அவர் சொன்னது உண்மைதான். மனிதப் புரதத்தையும் எலிப் புரதத்தையும் ஒட்டுப்போட்டுச் செய்த ஆன்டிபாடி அது. பல் கிட்டிக்கொண்டிருந்த அந்த நிலையிலும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "வீட்டுக்குப் போனதும் ஒரு பொந்து பார்க்கணும்" என்றேன். நர்ஸ் சிரித்தார். பக்கத்தில் நின்ற என் கணவர் சிரிக்கவில்லை. "எலின்னா வீட்டு எலியா, ஆய்வுக்கூட எலியா?" என்று கேட்டுவிட்டு நோட்டை எடுத்தார்.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். என் கணவர் நகைச்சுவை வந்தால் வழிவிட்டு ஒதுங்கி நிற்கிற மனிதர். 26 வருடத்தில் நான் சொன்ன எதற்கும் அவர் வாய்விட்டுச் சிரித்ததாக நினைவில்லை. நோய் என்ன என்று தெரிந்த மறுநாள் ஒரு நீள நோட்டு வாங்கிவந்து, ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். தேதி, காய்ச்சல், மாத்திரை, தூக்கம், மலம். ஐந்து பத்தி.

கடைசிப் பத்திக்குக் காரணம் வின்கிரிஸ்டின். நித்தியகல்யாணிச் செடியிலிருந்து எடுக்கிற மருந்து அது. நரம்பைத் தொடும், குடலையும் தூங்க வைத்துவிடும். இந்தச் செடிக்குத் தமிழில் சுடுகாட்டுப்பூ என்றும் ஒரு பெயர் உண்டு. இது தெரிந்ததும் டாக்டரிடம், "எந்தப் பேர்ல இது எனக்குள்ள போகுது டாக்டர்?" என்று கேட்டேன். அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "கல்யாணின்னே வெச்சுக்குவோம்" என்றார். ஆனால் கல்யாணி வந்தபிறகு மூன்று நாள் நோட்டில் 'இல்லை', 'இல்லை', 'இல்லை'. நான்காம் நாள் காலை 6.40க்கு 'ஆம்'. அதற்குக் கீழே இரண்டு அடிக்கோடு. எங்கள் மகள் பிறந்த அன்றுகூட அந்த மனிதர் எதையும் அடிக்கோடிட்டதில்லை.

நகைச்சுவை உணர்வைக் காப்பாற்ற நான் தனியாக எதுவும் செய்யவில்லை என்பது இதிலிருந்தே புரிந்திருக்கும். வேடிக்கை படங்கள் பார்த்துத் தீர்க்கச் சொல்லிப் பலர் அனுப்பினார்கள். பத்து நிமிடத்துக்கு மேல் எதிலும் மனம் நிற்கவில்லை. சிரித்தால் கட்டி கரையும் என்று வந்த செய்திகளை அப்படியே அழித்தேன். கட்டியைக் கரைத்தது மருந்து. சிரிப்பு செய்தது வேறு வேலை. என்னைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டவர்கள், நான் ஒன்று சொல்லிச் சிரித்ததும் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அது எனக்குத் தேவையாக இருந்தது.

முடி விஷயத்துக்கு வருகிறேன். சொல்லிவைத்த மாதிரி மூன்றாவது வாரம் தலையணை முழுக்க முடி. மகள் டிரிம்மர் வாங்கிவந்தாள். பால்கனியில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். இரண்டு பேரும் பேசவில்லை. பாதி முடிந்தபோது அவள் கை நின்றது. அழுகிறாளோ என்று பயந்தேன். "அம்மா, உன் தலை பின்னாடி தட்டையா இருக்கு. இத்தனை வருஷமா கொண்டை போட்டு ஊரை ஏமாத்தியிருக்க" என்றாள். சிரித்த சிரிப்பில் டிரிம்மர் கீழே விழுந்து, அதன் மூடி உடைந்தது. அப்புறம் அழுதோம், அது வேறு. மீதிப் பாதியை ஷேவிங் ரேசர் வேண்டாம், தோல் கிழிந்தால் தொற்று வரும் என்று கணவர் தடுத்ததால், உடைந்த டிரிம்மரை ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி முடித்தோம்.

தலைமுடி கொட்டும் என்று எல்லோரும் சொன்னார்கள். மூக்குக்குள் இருக்கிற முடியும் கொட்டும் என்று ஒரு ஆள் சொல்லவில்லை. அது இல்லாவிட்டால் மூக்கில் நீர் தங்காது. முன்னறிவிப்பே இல்லாமல் சொட்டும். குனிந்து கையெழுத்துப் போட்டபோது மருத்துவமனைப் படிவத்தின் மேலேயே ஒரு சொட்டு. அந்த எழுத்தர் ஒன்றும் சொல்லாமல் இன்னொரு படிவத்தை நீட்டினார். அதிலும் ஒன்று. மூன்றாவது படிவத்தை அவரே நிரப்பி, "நீங்க நிமிர்ந்தே இருங்கம்மா" என்றார். உங்கள் அக்காவின் பையில் இப்போதே இரண்டு கைக்குட்டை போட்டுவையுங்கள்.

ஸ்டீராய்டு இன்னொரு கூத்து. ஒவ்வொரு சுற்றிலும் ஐந்து நாள், நாளுக்கு 100 மில்லிகிராம். அந்த ஐந்து நாளும் நான் நாடாளத் தகுதியான பெண்மணி. நள்ளிரவு இரண்டு மணிக்குப் புத்தக அலமாரியை உயரவாரியாக அடுக்கினேன். அது பிடிக்காமல் மூன்று மணிக்கு நிறவாரியாக அடுக்கினேன். தொலைபேசியில் என் தம்பியை ஒன்றரை மணி நேரம் விடவில்லை. ஆறாம் நாள் மாத்திரை நின்றதும் காற்றுப்போன பந்து. எழுந்து பாத்ரூம் போவதே பெரிய திட்டம். அந்த நாட்களில் எனக்கு எதுவும் வேடிக்கையாக இல்லை. மகள் ஏதாவது சொல்லிச் சிரிக்க வைக்கப் பார்த்தால் எரிச்சல் வரும். ஒருமுறை, "சிரிக்கிறதுக்கும் சத்து வேணும்டி" என்று கத்தியே விட்டேன். அவள் அதற்கும் சிரித்தாள், வேறு கதை. இந்த ஏற்ற இறக்கம் மருந்தால் வருகிறது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் கத்தியிருக்க மாட்டேன்.

இன்னொன்று: யார் முதலில் சிரிப்பது என்பது. "இந்த உடம்புக்கு இப்பதான் இடுப்பு வந்திருக்கு" என்று நானே கண்ணாடி முன்னால் சொல்லிச் சிரித்திருக்கிறேன். அடுத்த நாள் பார்க்க வந்த அலுவலகத் தோழி, "நல்லா இளைச்சிட்ட, எங்களுக்கும் வழி சொல்லேன்" என்றாள். நல்ல மனசோடுதான் சொன்னாள். அவள் போனபிறகு அரை மணி நேரம் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தேன். இரண்டும் ஒரே நகைச்சுவைதான். ஆனால் என் உடம்பைப் பற்றி முதல் வார்த்தை என்னிடமிருந்து வர வேண்டும் போலிருந்தது. அக்கா ஆரம்பித்தால் சேர்ந்துகொள்ளுங்கள். ஆரம்பிக்காவிட்டால் கிரிக்கெட், அரசியல், பக்கத்து வீட்டுச் சண்டை என்று எது வேண்டுமானாலும் பேசலாம்.

சரி, காலை வாரிய கதை.

மூன்றாவது சுற்றுக்குப் பிறகு விரல் நுனிகள் மரத்துப்போக ஆரம்பித்தன. தோட்டின் திருகாணி பிடிபடாது. விரலில்தான் இருக்கிறது என்று நினைப்பேன், தரையில் டிங் என்று சத்தம் கேட்கும். பாதத்தில் பஞ்சுச் சாக்ஸ் போட்ட மாதிரி இருக்கும், போட்டிருக்க மாட்டேன். நான்காவது சுற்றுக்கு முன்னால் டாக்டர், "எப்படி இருக்கீங்க?" என்றார். "திருகாணிக்கும் எனக்கும் பேச்சுவார்த்தை முறிஞ்சுபோச்சு டாக்டர்" என்றேன். அவர் நன்றாகச் சிரித்தார். காத்திருப்போர் வரிசை வாசல் வரை நின்றது. சிரித்துக்கொண்டே மருந்தெழுதிக் கொடுத்தார், நானும் சிரித்துக்கொண்டே போய் ஏற்றிக்கொண்டேன்.

அவரைக் குறை சொல்ல மாட்டேன். சொல்ல வேண்டியதை நான் சிரிப்பாகச் சுற்றிக் கொடுத்தேன், அவர் சிரிப்பை வாங்கிக்கொண்டார். உள்ளுக்குள் எனக்கும் ஒரு கணக்கு இருந்தது. மரத்துப்போகிறது என்று நேராகச் சொன்னால் மருந்தைக் குறைத்துவிடுவார்கள், குறைத்தால் நோய் திரும்பி வந்துவிடும் என்ற பயம்.

ஐந்தாவது சுற்றன்று ஒரு இளம் பெண் டாக்டர் பார்த்தார். அதே திருகாணி நகைச்சுவையை இன்னும் கொஞ்சம் மெருகேற்றி அவரிடமும் சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "கண்ணை மூடிக்கங்கம்மா" என்று சொல்லி என் உள்ளங்கையில் எதையோ வைத்தார். "விரலால தடவிப் பார்த்துச் சொல்லுங்க, என்ன இது?" தடவினேன். ஏதோ குளிர்ச்சியாக, கெட்டியாக இருந்தது. நாணயம் என்றேன். கண்ணைத் திறந்தால் சாவி. பல் பல்லாக வெட்டிய, ஓட்டையுள்ள சாதாரண சாவி. "இன்னொரு தடவை, சிரிக்காம சொல்லுங்கம்மா. எத்தனை நாளா இப்படி இருக்கு?" என்றார். அப்போதுதான் சொன்னேன், தேதி உட்பட. தேதி நோட்டில் இருந்தது. நான் டாக்டரிடம் சொல்லாத ஒவ்வொரு டிங் சத்தத்தையும் என் கணவர் பத்திக்கு வெளியே பென்சிலால் குறித்து வைத்திருந்தார்.

அன்று வின்கிரிஸ்டின் அளவைப் பாதியாகக் குறைத்தார்கள். நான் பயந்த மாதிரி ஒன்றும் ஆகவில்லை, மற்ற மருந்துகள் முழு அளவில் தொடர்ந்தன. விரல்கள் மெல்ல மெல்லத் திரும்பின. இரண்டு கால்விரல் நுனி மட்டும் இன்னும் பாதித் தூக்கத்தில் இருக்கின்றன.

காய்ச்சல் விஷயத்திலும் இதே வேலையைப் பார்க்கப் போனேன். ஒவ்வொரு சுற்று கீமோவும் ஏறிய ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளணுக்கள் தரைமட்டத்துக்குப் போய்விடும். அப்போது 100.4 டிகிரி தொட்டால் எந்த நேரமானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும், காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்ற பேச்சே கூடாது. இரவு ஒன்றரை மணிக்கு 100.8. "எலிக்குக் காய்ச்சல் வந்தா கால்நடை டாக்டர் காலைலதான் வருவார்" என்றேன். கணவர் பதில் சொல்லவில்லை. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். நான்கு நாள் படுக்கையில் ஆன்டிபயாட்டிக் ஏறியது. அக்கா டாக்டரிடம் போகும்போது, சிரிக்காத ஆள் ஒருவரையும் கூடவே அனுப்புங்கள்.

எல்லாம் முடிந்தபிறகு பெட் ஸ்கேன். கதிரியக்கம் உள்ள சர்க்கரையை ஊசியில் ஏற்றிப் படம் எடுப்பார்கள். சில மணி நேரம் குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் நெருங்க வேண்டாம் என்று ஒரு தாள் கொடுத்தார்கள். எங்கள் வீட்டில் இரண்டு வகையினரும் இல்லை. ஆனாலும் என் கணவர் அந்தத் தாளை இரண்டு முறை படித்துவிட்டு, வீட்டுக்கு வந்ததும் கூடத்தின் கோடியில் நாற்காலியைப் போட்டுக்கொண்டார். நான் இந்தக் கோடியில். அறிக்கை மறுநாள்தான் வரும். அதைப் பற்றி இருவரும் பேசவில்லை. எனக்கு அன்று நகைச்சுவை ஒன்றும் வரவில்லை. வாய் உலர்ந்து, கடிகாரத்தைப் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தேன்.

இரவு எட்டு மணிக்கு என் போன் அடித்தது. எதிர்க் கோடியிலிருந்து அவர்தான். மடியில் நோட்டு விரிந்திருந்தது.

"காலைல ஒன்பது மணிக்கு ஊசி. கதிரியக்கம் 110 நிமிஷத்துக்கு ஒரு தடவை பாதியாகும்னு போட்டிருக்கு. பதினோரு மணி நேரம் ஆச்சு. ஆறு தடவை பாதி" என்றார்.

"சரி."

"அறுபத்து நாலுல ஒரு பங்குதான் பாக்கி. பக்கத்துல வந்து உட்காரலாமா, இல்ல இன்னும் ஒரு பாதி போகட்டுமா?"

முகத்தில் ஒரு சலனமும் இல்லை. விளையாட்டாகக் கேட்டாரா, நிஜமாகவே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. நான் சிரித்து முடிக்கிற வரை போனைக் காதிலேயே வைத்துக்கொண்டிருந்துவிட்டு, நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.