வியட்நாமில் நாள் பார்ப்பது எப்படி? கேள்வி பதில்

வியட்நாமோடு வேலை, வியாபாரம், கல்யாண சம்பந்தம் என்று ஏதோ ஒரு வழியில் தொடர்புள்ள நம்மவர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளை இங்கே திரட்டியிருக்கிறேன். நான் சோதிடம் படித்தவன் இல்லை. மெகாங் கழிமுகத்துக் குடும்பம் ஒன்றில் பெண் எடுத்து, பதினைந்து வருஷமாக ஹோ சி மின் நகரத்தில் (பழைய பெயர் சைகோன்) இருக்கிறேன். நாள் பார்க்கச் சொல்லிக்கொடுத்தது மாமியார்தான்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். இவர்கள் கணக்கில் எலிக்கும் பாம்புக்கும் உள்ள பெயர்கள் இரண்டையும் தமிழில் எழுதினால் 'தி' என்றுதான் வரும். குழப்பம் வேண்டாம் என்று எல்லாவற்றையும் விலங்கின் பெயராலேயே சொல்கிறேன்: எலி, எருமை, புலி, பூனை, டிராகன், பாம்பு, குதிரை, ஆடு, குரங்கு, சேவல், நாய், பன்றி. வரிசை இதுதான். சீனர்களுக்கு நான்காவது முயல், இங்கே பூனை.

கேள்வி (ஓசூரிலிருந்து மாற்றலாகி வந்த இன்ஜினியர்): எங்கள் அலுவலகத்தில் தினமும் கிழிக்கும் காலண்டர் ஒன்று தொங்குகிறது. பெரிய தேதிக்குக் கீழே இன்னொரு தேதியும் ஏதேதோ வரிகளும் இருக்கின்றன. அவை என்ன, அண்ணா?

பெரிய எழுத்தில் இருப்பது ஆங்கிலத் தேதி. கீழே இருப்பது 'அம் லிக்', சந்திரக் கணக்கு. அமாவாசை விழும் நாளே மாதத்தின் முதல் நாள். மாதத்துக்கு 29 அல்லது 30 நாள். 19 வருஷத்தில் ஏழு முறை ஒரு மாதத்தைக் கூடுதலாகச் சேர்த்துப் பருவத்தோடு ஒட்டவைக்கிறார்கள். 2025-இல் ஆறாம் மாதம் இரண்டு தடவை வந்தது அதனால்தான்.

அதற்கும் கீழே வருஷம், மாதம், நாள் மூன்றுக்கும் தனித்தனிப் பெயர் இருக்கும். 'தண்டு' எனப்படும் பத்துப் பெயர்கள் ஒரு வரிசை, பன்னிரண்டு விலங்கு இன்னொரு வரிசை. இரண்டும் சேர்ந்து அறுபது பெயர்ச் சுற்று. கடைசியில் 'ஹுவாங் தாவ்' என்று ஆரம்பிக்கும் வரிதான் அன்றைய நல்ல நேரங்கள். நம் வீட்டு தினசரி காலண்டரில் அடியில் நல்ல நேரம், ராகு காலம் போட்டிருப்பார்களே, அந்த இடம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி (சிங்கப்பூரில் இருப்பவர்): என் போனில் சீன நாட்காட்டி செயலி இருக்கிறது. இரண்டும் ஒன்றுதானே, அது போதாதா?

போதாது. பல மாதங்கள் ஒன்றாகவே போகும், அதை நம்பித்தான் ஏமாறுகிறோம். சீனக் கணக்கு உலக நேரத்தோடு எட்டு மணி கூட்டியது, வியட்நாம் கணக்கு ஏழு மணி கூட்டியது. அமாவாசை வியட்நாமில் இரவு 11-க்கும் 12-க்கும் நடுவில் விழுந்தால், சீனாவில் அது மறுநாள் ஆகிவிடும். 2007-இல் வியட்நாமின் சந்திரப் புத்தாண்டான தெத் பிப்ரவரி 17, சீனப் புத்தாண்டு பிப்ரவரி 18. 2030-இலும் அப்படியே: இங்கே பிப்ரவரி 2, அங்கே 3.

1985-இல் வித்தியாசம் ஒரு மாதம்! வியட்நாம் ஜனவரி 21-இல் தெத் கொண்டாடியது, சீனா பிப்ரவரி 20-இல். பதினோராம் மாதத்துக்குள் குளிர்காலக் கதிர்த்திருப்பம் (மிக நீண்ட இரவு வரும் நாள்) வந்தாக வேண்டும் என்பது விதி. 1984 டிசம்பரில் அந்தக் கணம் ஹனோய் கணக்கில் 21-ஆம் தேதி இரவு 11 மணிக்கு மேல், சீனக் கணக்கில் 22-ஆம் தேதி நள்ளிரவு தாண்டி. அமாவாசையும் அதே 22-ஆம் தேதி, அன்றே புது மாதம் ஆரம்பம். ஆகவே கதிர்த்திருப்பம் ஹனோய்க்கு முந்தின மாதத்தில், சீனாவுக்குப் புது மாதத்தில். ஒரு மணி நேரம் ஒரு மாதத்தையே நகர்த்திவிட்டது.

இதைவிடக் கனமான கதை 1968. வடக்கு வியட்நாம் அந்த வருஷம் முதல் ஏழு மணிக் கணக்குக்கு மாறியது, தெற்கு பழையபடி எட்டு மணியிலேயே இருந்தது. வடக்கில் தெத் ஜனவரி 29, தெற்கில் ஜனவரி 30. ஒரே மொழி பேசுகிறவர்கள் இரண்டு நாளில் புத்தாண்டு கொண்டாடினார்கள், அதுவும் போர் நடுவில். என் மாமியார் வயதுக்காரர்கள் இதைச் சொல்லும்போது குரல் தாழ்ந்துவிடும்.

நாள் பார்க்கிறவர்கள் கவனிக்க வேண்டியது இது: அறுபது பெயர்ச் சுற்று கிழமை மாதிரி நிற்காமல் ஓடுவது. ஆகவே நாளின் விலங்கு இரண்டு நாட்காட்டியிலும் ஒன்றே. மாறுவது சந்திரத் தேதி. தேதியை வைத்துத் தள்ளும் நாட்கள் நிறைய இருப்பதால், சீனச் செயலியை வைத்துக்கொண்டு வியட்நாம் வீட்டில் பேச உட்காராதீர்கள்.

கேள்வி: காலண்டரில் தெத்துக்கு முந்தின நாள் 29 என்றுதான் இருக்கிறது. எல்லாரும் 'முப்பதாம் தேதி' என்கிறார்களே?

பழக்கத்தில் வந்த பேச்சு. 2025 முதல் 2032 வரை தொடர்ந்து எட்டுத் தெத்துக்கு முன்னால் 30-ஆம் தேதியே கிடையாது. பன்னிரண்டாம் மாதம் 29 நாளோடு முடிகிறது. 2033-இல்தான் முப்பது திரும்பி வரும்.

கேள்வி (சைகோனில் தென்னிந்திய உணவகம் திறக்கப்போகிறவர், பிறந்தது 1983 ஆகஸ்ட்): 2026 தெத் முடிந்ததும் திறக்கலாம் என்று இருக்கிறேன். என் வியட்நாம் பங்காளி 'நல்ல நாள் பார்க்க வேண்டும்' என்கிறார். எப்படிப் பார்ப்பது, அண்ணா?

நாள் பார்ப்பது என்றால் நல்ல நாளைத் தேடிப் போவது என்று நினைக்கிறோம். இங்கே அப்படியில்லை. ஆகாத நாட்களை ஒவ்வொன்றாகத் தள்ளுவார்கள், மீதி இருப்பதில் குடும்பம் சம்மதிப்பதை எடுப்பார்கள். உங்கள் விஷயத்தையே வைத்துப் பார்ப்போம்.

முதல் சல்லடை, தேதி. 3, 7, 13, 18, 22, 27 ஆகியவை 'தாம் நுவோங்' நாட்கள், மூன்று பெண்களின் நாட்கள் என்பார்கள். 5, 14, 23 'ங்குயெத் கி'. இலக்கங்களைக் கூட்டினால் மூன்றிலும் ஐந்து வரும். இந்த மூன்று நாட்களைப் பற்றி ஒரு சொலவடை உண்டு: சும்மா சுற்றப் போனாலே நட்டம், வியாபாரத்துக்குப் போனால் கேட்கவே வேண்டாம். ஆக மாதத்தில் ஒன்பது நாள் போய்விட்டது.

இரண்டாவது, 'ஹுவாங் தாவ்', அதாவது மஞ்சள் பாதை நாள். ஒவ்வொரு மாதத்திலும் பன்னிரண்டு விலங்கு நாட்களில் ஆறு நல்ல தெய்வங்களுக்கு, ஆறு 'ஹாக் தாவ்' எனும் கருப்புப் பாதைக்கு. முதல் மாதத்தில் எலி, எருமை, டிராகன், பாம்பு, ஆடு, நாய் நாட்கள் நல்லவை.

மூன்றாவது, உங்கள் பிறந்த விலங்கு. நீங்கள் பன்றி. வட்டத்தில் நேர் எதிரே இருப்பது பாம்பு. பாம்பு நாள் உங்களுக்கு மோதல்.

2026 தெத் பிப்ரவரி 17, நாய் நாள். அங்கிருந்து எண்ணுங்கள். 5-ஆம் நாள் தேதியிலேயே போயிற்று, 7-ம் அப்படியே. 6-ஆம் நாள் பூனை, கருப்புப் பாதை. 8-ஆம் நாள் பாம்பு; பொதுவாக நல்ல நாள், பக்கத்துக் கடைக்காரர் அன்று திறக்கலாம், நீங்கள் கூடாது. 10-ஆம் நாள், பிப்ரவரி 26, ஆடு. மஞ்சள் பாதை நாள், தேதியிலும் குறை இல்லை. பன்றி, பூனை, ஆடு மூன்றும் இவர்கள் கணக்கில் ஒத்துப்போகும் கூட்டு. அதோடு முதல் மாதம் பத்தாம் நாள் 'தன் தாய்' எனும் செல்வத் தெய்வத்தின் நாள். காலையிலிருந்தே நகைக்கடை வாசல்களில் தங்கம் வாங்க வரிசை நிற்கும். உங்களுக்கு இதைவிடப் பொருத்தமான நாள் அந்த மாதத்தில் எனக்குத் தெரியவில்லை.

நேரம்: ஆடு நாளில் நல்ல நேரங்கள் காலை 3 முதல் 7 வரை, 9–11, பிற்பகல் 3–5, இரவு 7–11. இதில் 9–11 பாம்பு நேரம், உங்களுக்கு மோதல் என்று பங்காளியின் வீட்டுப் பெரியவர்கள் சொல்லக்கூடும். பிற்பகல் 3–5 குரங்கு நேரம், அதை எடுங்கள். முதல் பில் யாருக்குப் போடுவது என்பதையும் முன்கூட்டியே பேசி வையுங்கள். முதல் வாடிக்கையாளரின் ராசி அன்றைய வியாபாரத்தையே நடத்தும் என்பது இங்குள்ள கடைக்காரர்களின் நம்பிக்கை.

ஐந்தாம் நாளைப் பற்றி ஒரு சேதி. 1789-இல் குவாங் சுங் மன்னர் ங்கோக் ஹோய், தோங் தா போர்களில் சீனாவின் சிங் படையை முறியடித்தது முதல் மாதம் ஐந்தாம் நாளில். வியாபாரத்துக்கு ஆகாது என்று ஒதுக்கும் அதே தேதியில் ஹனோயில் இன்றைக்கும் வெற்றி விழா நடக்கிறது. எனக்கு இந்த நாட்டில் மிகவும் பிடித்த விஷயங்களில் இது ஒன்று.

கேள்வி: இந்த நேரக் கணக்கு நம் ராகு காலம் மாதிரிதானா?

இல்லை. ராகு காலம் கிழமையை வைத்து ஒன்றரை மணி நேரம். இங்கே கிழமைக்கு வேலையே இல்லை. ஒரு நாளைக்கு இரண்டு மணி வீதம் பன்னிரண்டு நேரம், இரவு 11-க்கு எலியில் ஆரம்பம். அன்றைய விலங்கைப் பொறுத்து ஆறு நேரம் நல்லது, ஆறு ஆகாது. எதிரெதிர் விலங்கு நாட்களுக்கு ஒரே அட்டவணைதான்: எருமைக்கும் ஆட்டுக்கும் ஒன்று, எலிக்கும் குதிரைக்கும் ஒன்று. ஆறு வரி மனப்பாடம் செய்தால் வருஷம் முழுக்கப் போதும்.

கேள்வி (மதுரையிலிருந்து ஒரு தாயார்): என் மகன் ஹனோய்ப் பெண்ணைக் கட்டப்போகிறான். பெண் 2000 ஜனவரி 20-இல் பிறந்தவள். 2026-இல் கல்யாணம் வைக்கலாம் என்றோம். 'பெண்ணுக்கு இந்த வருஷம் கூடாது' என்று அவள் வீட்டார் தயங்குகிறார்கள். எங்களைப் பிடிக்கவில்லையோ?

அம்மா, மனதைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். இது 'கிம் லௌ' கணக்கு. கல்யாணத்துக்குப் பெண் வயது, வீட்டுக்கு ஆண் வயது என்பது இங்குள்ள பழமொழி. வயிற்றில் இருந்த காலத்தையும் சேர்த்து வயதை எண்ணி, ஒன்பதால் வகுத்து, மீதி 1, 3, 6, 8 வந்தால் அந்த வருஷம் கல்யாணம் தள்ளிவைப்பார்கள்.

பார்வைக்கு 2000-இல் பிறந்தவளுக்கு 2026-இல் 27, மீதி இல்லை, பிரச்சினையும் இல்லை. ஆனால் 2000-இல் தெத் பிப்ரவரி 5. அதற்கு முன்னால் பிறந்ததால் உங்கள் மருமகள் 1999-இன் பூனை வருஷத்துப் பெண். வயது 28, மீதி ஒன்று. தன்னையே பாதிக்கும் கிம் லௌ. பெற்றவர்கள் தயங்கத்தானே செய்வார்கள்?

வழி இருக்கிறது. அடுத்த வருஷம் 29, மீதி இரண்டு, தடையில்லை. காத்திருக்க முடியாது என்றால், குளிர்காலக் கதிர்த்திருப்பம் தாண்டி டிசம்பர் கடைசியில் வைத்தால் சரி என்று பல குடும்பங்கள் ஒத்துக்கொள்ளும். சிலர் பெண்ணை மாப்பிள்ளை வீட்டுக்கு இரண்டு முறை அழைத்துப் போய் தோஷம் கழிப்பார்கள். எதைச் செய்வது என்று அவர்களையே கேளுங்கள். உங்கள் பக்கத்து முகூர்த்த நாள் பட்டியலையும் எடுத்துப் போங்கள். இரண்டு வீட்டுக் காலண்டரையும் ஒரே மேசையில் விரித்துப் பேசினால் சம்பந்திகள் நெருங்கிவிடுவார்கள். எங்கள் கல்யாணத்தில் அப்படித்தான் நடந்தது.

கேள்வி: என் மைத்துனர் (வியட்நாமியர், 1990-இல் பிறந்தவர், குதிரை) வீடு கட்டுகிறார். ஆனால் பூமி பூஜையில் அவரே இருக்க மாட்டாராம், பெரியப்பா மண்வெட்டி போடுவாராம். ஏன்?

இதற்கு 'வயதைக் கடன் வாங்குவது' என்று பெயர். 2026-இல் அவருக்கு 37, ஒன்பதால் வகுத்தால் மீதி ஒன்று, கிம் லௌ. 2027-இல் அது விலகும், ஆனால் 'ஹுவாங் ஓக்' என்று இன்னொரு கணக்கில் 38 மாட்டிக்கொள்ளும். 2028, 29, 30 மூன்றும் குதிரைக்காரர்களுக்கு 'தாம் தாய்', மூன்று துன்ப வருஷங்கள். கூரை ஒழுகும் வீட்டில் ஐந்து வருஷம் காத்திருக்க முடியுமா? அதனால் வயதுக் கணக்கு சுத்தமாக உள்ள பெரியவர் ஒருவருக்கு வீட்டை விற்றதாக ஒரு தாள் எழுதுவார்கள். அவர் கும்பிட்டு, முதல் மண்ணை வெட்டுவார். அந்நேரம் வீட்டுக்காரர் தள்ளிப் போயிருப்பார். கூரைக் கான்கிரீட் போடும்போதும் அவரே வருவார். குடிபுகுந்தபின் வீட்டைத் திரும்ப வாங்கியதாக இன்னொரு தாள். வயது கொடுத்தவர் அந்த வீடு முடியும்வரை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. பெரியப்பா சம்மதித்தது பெரிய அன்பு. போகும்போது அவருக்குப் பழத்தட்டு ஒன்று கொண்டு போங்கள்.

கேள்வி (திருப்பூர், துணி வியாபாரம்): ஆகஸ்டில் புதுக் கடை திறக்கலாம் என்றால் இங்குள்ள முகவர் நழுவுகிறார்.

ஏழாம் மாதம், அலையும் ஆவிகளின் மாதம். 2026-இல் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 10 வரை. கல்யாணம், குடிபுகுதல், கார் வாங்குதல், கடை திறப்பு எல்லாவற்றையும் பலர் ஒத்திப்போடுவார்கள். செப்டம்பர் 11-க்கு மேல் கேளுங்கள், அவரே நாள் குறித்துத் தருவார்.

கேள்வி: பிரசவத்துக்கு சிசேரியன் நேரம் குறித்துத் தருவீர்களா?

மாட்டேன். இங்கும் பலர் பார்க்கிறார்கள், தெரியும். டாக்டர் இரண்டு மூன்று நாள் கொடுத்து 'எதுவானாலும் சரி' என்றால் அதற்குள் நீங்கள் பார்த்துக்கொள்ளலாம். டாக்டர் சொன்ன நாளைத் தாண்டி ஒரு மணி நேரம்கூடத் தள்ளாதீர்கள், கைகூப்பிக் கேட்கிறேன்.

கேள்வி: நீங்கள் நம்புகிறீர்களா, அண்ணா?

வந்த புதிதில், சந்திரக் கணக்கில் ஒரு 14-ஆம் தேதியில் வீட்டு வாடகை ஒப்பந்தம் போட்டேன், யாரையும் கேட்கவில்லை. கெடுதல் எதுவும் நடக்கவில்லை. ஆனால் மாமியார் ஒரு வருஷம் அந்த வீட்டுக்குள் தூங்கவில்லை. வருவார், சமைத்துப் போட்டுவிட்டு சாயங்காலப் பேருந்தில் ஊர் திரும்பிவிடுவார். அடுத்த வீட்டுக்கு அவரே நாள் பார்த்தார். முதல் இரவே பாயை விரித்துப் படுத்துக்கொண்டார். அதற்கப்புறம் அவரைக் கேட்காமல் நான் எந்த நாளும் வைப்பதில்லை.

கேள்வி: சைகோன் மாரியம்மன் கோயிலில் சில நாள் மட்டும் வியட்நாமியர் கூட்டம் அலைமோதுகிறதே?

சுவோங் தின் தெருவில் தமிழர்கள் கட்டிய கோயில் அது. கும்பிட வருகிறவர்களில் இன்று பெரும்பாலோர் வியட்நாமியர். சந்திர மாதத்தின் முதல் நாளும் பதினைந்தாம் நாளும் இவர்களுக்குக் கோயில் நாள், அதுதான் காரணம். நீங்கள் அம்மனை நிதானமாகப் பார்க்க வேண்டுமென்றால் காலண்டரில் கீழே உள்ள தேதியைப் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள். கூட்டத்தோடு நின்று கும்பிட ஆசை என்றால் பதினைந்தாம் நாள் சாயங்காலம் வாருங்கள், நானும் அங்கேதான் இருப்பேன்.