சின்ன உத்தியோகத்தர் மட்டும்தான் பிடிபடுகிறாரா?

கேள்வி: காணி அனுமதிப்பத்திர அலுவலுக்காகக் கந்தோர் ஒன்றில் ஒருவர் 20,000 ரூபா கேட்கிறார். முறையிடுவோம் என்றால், "பெரிய ஆக்கள் தப்பிவிடுவினம், இந்தச் சின்ன மனுசன்தான் உள்ளே போவான், பாவம்" என்கிறார்கள் வீட்டில். முறையிடுவது நியாயம்தானா? (வாசகர், சாவகச்சேரி)

பதில்: பணத்தை இன்னும் கொடுக்கவில்லை என்றால் கொடுக்காதீர்கள். வாங்குவது மட்டுமல்ல, கொடுப்பதும் குற்றம். "சந்தோசத்துக்குக் கொடுத்தது" என்று பிறகு சொல்லித் தப்ப முடியாது.

வீட்டார் சொல்வதில் பாதி உண்மை. இலங்கையில் இலஞ்ச முறைப்பாடுகளை விசாரிக்கும் இலஞ்ச ஆணைக்குழுவுக்குக் கைவந்த முறை சுற்றிவளைப்பு. முறைப்பாட்டாளர் அடையாளமிட்ட நோட்டுகளைக் கொடுப்பார், வாங்கும் கையோடு ஆளைப் பிடிப்பார்கள். இதில் விழுவது மேசையில் வைத்துக் காசு வாங்குகிறவர். கேள்விப்பத்திரத்திலும் (டெண்டர்) கொள்வனவிலும் அடிப்பவர் கையில் காசு தொடமாட்டார். அவரைப் பிடிக்க வங்கிக் கணக்கு, கம்பனிப் பதிவு என்று வருடக்கணக்கில் தோண்டவேண்டும். 2018இல் ஜனாதிபதியின் பணிக்குழுத் தலைவர் சிக்கியதும் கொழும்பு விடுதியொன்றின் வாகனத் தரிப்பிடத்தில் 2 கோடி ரூபாவைக் கையில் வாங்கியபோதுதான். மறு வருடமே 20 வருடச் சிறை விதிக்கப்பட்டது.

என்னைக் கேட்டால், உண்மையான அநியாயம் வேறிடத்தில். ஆணைக்குழுவின் ஆணையாளர்கள் மூவரின் எழுத்துமூல ஒப்புதல் இல்லை என்ற காரணத்தால் அரசியல்வாதிகள் சிலர் மீதான வழக்குகள் 2021 அளவில் மீளப்பெறப்பட்டன. குற்றம் செய்தார்களா இல்லையா என்று எந்த நீதிமன்றமும் சொல்லவில்லை. சனம் "ஆள் பார்த்துத்தான் சட்டம்" என்று நினைப்பதில் வியப்பென்ன? 2023ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க ஊழல் எதிர்ப்புச் சட்டம், முறைப்பாடு இல்லாமலே விசாரணை தொடங்க ஆணைக்குழுவுக்கு அதிகாரம் தந்திருக்கிறது. பயன்படுத்துவார்களா என்பதைப் பார்க்கவேண்டும்.

அதற்காக உங்கள் ஆள் பாவமாகிவிடமாட்டார். சம்பளம் குறைவு, பிள்ளைகள் படிக்கின்றன என்பதெல்லாம் தண்டனை விதிக்கும்போது நீதிபதி யோசிக்கவேண்டியவை, நீங்கள் சுமக்கவேண்டியவை அல்ல. 20,000 புரட்ட முடியாத ஒருவரின் கோப்பும் அதே மேசையில்தான் கிடக்கிறது.

ஆணைக்குழுவின் 1954 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு அழையுங்கள் (இலஞ்சச் சட்டம் வந்த ஆண்டும் அதுவே). எழுத்திலும் அனுப்பலாம், தமிழிலேயே. கேட்ட திகதி, இடம், சொன்ன வார்த்தைகள், கோப்பு இலக்கம் எல்லாம் இருக்கட்டும். தெரிந்ததை மட்டும் எழுதுங்கள். பொய் முறைப்பாடும் குற்றம். அயலில் வாய் திறக்கவேண்டாம். பின்னர் சாட்சி சொல்லப் போகவேண்டிவரும், வழக்கு இழுபடும். அதற்கும் மனதைத் தயார்படுத்துங்கள்.

முறையிட மனமில்லையா? 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ், உங்கள் கோப்பு யாரிடம், ஏன் நிற்கிறது என்று எழுத்தில் கேளுங்கள். தகவலைத் தருவதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் முடிவு செய்யவேண்டும். ஆனால் 1954க்கு அறிவித்துவிட்டால் இதை இப்போதைக்குச் செய்யாதீர்கள், ஆள் உசாராகிவிடுவார்.